சோப்பு எங்கே இருக்கிறது? கிராமத்தில் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு

நான் சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். வீட்டுக்காரர் குடும்பத்துக்குப் பூர்வீகம் புதுக்கோட்டை மாவட்டம், அறந்தாங்கிப் பக்கம். அந்தத் தொடர்பில் அந்த வட்டாரத்துக் கிராமங்களுக்குத் தொண்டூழியம் செய்யப் போய்வருகிறேன். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, மகளிர் குழு ஆகிய மூன்று இடங்களில் கைகழுவுவது, குடிதண்ணீர், வயிற்றுப்போக்கு, கொசு பற்றிப் பேசுவதுதான் வேலை. "கைகழுவச் சொல்லித்தர விமானம் ஏறிப் போகணுமாக்கா?" என்று கோப்பிக்கடையில் கேலி செய்தவர்களே அப்புறம் "அடுத்த தடவை நானும் வர்றேன்" என்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதிவைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கைகழுவினால் நல்லது என்று தெரியாத ஊர் எதுவும் இல்லை. கொரோனா சமயத்தில் இந்தியாவில் யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன் அந்த அறிவுரைதான் ஒலித்தது. ஆகவே நீங்கள் கொண்டுபோவது புதுச்செய்தி அல்ல. தெரிந்தும் ஏன் கழுவுவதில்லை என்று பாருங்கள். கழிப்பறை வாசலில் சோப்பு இல்லை. குழாயில் தண்ணீர் வருவது காலையில் ஒரு மணி நேரம். சாப்பாட்டு மணி அடித்ததும் நூறு பிள்ளைகள் ஒரே குழாய்க்கு ஓடுகிறார்கள். இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு நீங்கள் படம் காட்டிப் பேசினால் கைதட்டுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், மறுநாள் பழையபடிதான். உங்கள் நேரத்தில் கால்வாசியைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை, சோப்பும் தண்ணீரும் கை நீட்டும் தூரத்தில் இருக்க வழிபண்ணுவதில் செலவழியுங்கள்.

கிளம்புவதற்கு முன்

பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமானால் ஜூன் நடுவில் போவது நல்லது. நமக்கு ஜூன் விடுமுறை. தமிழ்நாட்டில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்திருக்கும். புது வகுப்பு, புது வழக்கம் தொடங்க ஏற்ற நேரம். ஆண்டிறுதி விடுமுறையில் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், மழை விடுமுறை விடுவார்கள், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வேறு. தலைமையாசிரியர் முகம் கொடுத்துப் பேசக்கூட நேரம் இருக்காது.

விசா விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். இந்திய மின்-சுற்றுலா விசாவில், பணம் எதுவும் பெறாத குறுகியகாலத் தொண்டூழியத்தை ஒரு மாதம் வரை செய்ய இடமுண்டு. அதற்கு மேல் தங்குவதாக இருந்தால் கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். விதிகள் மாறும், டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பணம் திரட்டுவது இன்னொரு தலைவலி. சிங்கப்பூரில் பொதுமக்களிடம் வெளிநாட்டு அறப்பணிக்கு நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். இந்தியப் பக்கத்தில், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெறாத அறக்கட்டளை நம் பணத்தை வாங்கினால் அவர்களுக்குத்தான் வம்பு. என் யோசனை, பணமே திரட்டாதீர்கள். இந்த வேலைக்குப் பணம் பெரிதாகத் தேவையும் இல்லை.

தடுப்பூசி: ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு, டெட்டனஸ் மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். டான் டோக் செங் மருத்துவமனையில் பயணிகளுக்கென்றே தடுப்பூசி மருந்தகம் இருக்கிறது. புறப்படும் வாரம் போய் நிற்காமல் நான்கு வாரம் முன்பே போங்கள். சுகாதாரம் சொல்லித்தரப் போனவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் ஊர் சிரிக்கும்.

அப்புறம் லிட்டில் இந்தியாவுக்கு, அதாவது நம் தேக்காவுக்குப் போங்கள். சாமான் வாங்க அல்ல, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பேச்சுக் கொடுக்க. நீங்கள் போகிற வட்டாரத்துத் தம்பிகள் அங்கே நிச்சயம் இருப்பார்கள். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்ப்பவர்கள், ஓய்வுநாளில் பெருமாள் கோவில் பக்கத்துத் திடல்களில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார்கள். "தம்பி, உங்க ஊர்ல தண்ணி எத்தனை மணிக்கு வரும்? காவிரித் தண்ணியா, போர் தண்ணியா? ரேஷன் கடை எந்தப் பக்கம்? பொம்பளைங்க எத்தனை மணிக்கு வேலைக்குப் போவாங்க?" என்று கேளுங்கள். இணையத்தில் கிடைக்காத பதில்கள் அரை மணி நேரத்தில் கிடைக்கும். "எங்க அம்மாகிட்ட சொல்றேன்க்கா, போய்ப் பாருங்க" என்று ஒரு வீட்டு வாசலும் திறக்கும்.

சானிடைசர் பெட்டிகளை முஸ்தஃபாவில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். சேறும் எண்ணெயும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. தீர்ந்ததும் திரும்ப வாங்க அந்த ஊரில் வழியும் இருக்காது. ஊர்ப் பெட்டிக்கடையில் லைஃப்பாய் இருந்தால் லைஃப்பாய், ஹமாம் இருந்தால் ஹமாம். அதை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இங்கிருந்து நான் கொண்டுபோவது 5 மில்லி அளவுக் கரண்டிகள், நகவெட்டிகள், கொஞ்சம் வெள்ளைத்தாள். மருந்து மாத்திரை எதுவும் கிடையாது. நான் இங்கே பதிவுபெற்ற தாதியாக இருந்தவள்தான். ஆனால் இந்தியாவில் பதிவில்லாமல் அங்கே மருந்து கொடுக்க எனக்கு உரிமை இல்லை. டாக்டர்களுக்கும் அதேதான்.

யாரைப் பார்க்க வேண்டும்

துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இருப்பார். ஊரார் "நர்ஸம்மா" என்பார்கள். ஐந்தாறு ஊருக்கு அவர் ஒருவரே, ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருப்பார். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டுப் பிள்ளை எடை குறைவு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முதல் மரியாதை அவருக்கு. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் சரி என்றால் மட்டும் போதாது; வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதியைக் கேட்பார்கள். ஊராட்சிச் செயலரிடம் தகவல் சொல்லிவிட்டால் குடிநீர்த் தொட்டி ஆபரேட்டரைப் பார்ப்பது சுலபம்.

இன்னொன்று, எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். ஊர் தனியாகவும், தலித் மக்கள் குடியிருக்கும் காலனி தனியாகவும் இருக்கும். கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் ஒரு பகுதி ஆட்கள் வரமாட்டார்கள், ஏன் வரவில்லை என்று யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, நூலகம் இவற்றில் எல்லோரும் வருகிற இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டு இடத்திலும் இரண்டு முறை நடத்துங்கள். எந்த வீட்டில் டீ கொடுத்தாலும் குடியுங்கள். கொதித்த டீ பாதுகாப்பானது. வேண்டாம் என்று தலையாட்டுவதுதான் ஆபத்து. காலனி வீட்டில் நீங்கள் டீ குடித்தீர்களா என்று இரண்டு பக்கமும் கவனிக்கும்.

முதல் இரண்டு நாள் எதையும் சொல்லிக்கொடுக்காமல் நர்ஸம்மாவோடு நடந்து பாருங்கள். என்ன பார்ப்பது? குடத்திலிருந்து தண்ணீர் மொள்ளும்போது விரல் தண்ணீரில் படுகிறதா. கழிப்பறையிலிருந்து சோப்பு எத்தனை எட்டு. பிள்ளையின் மலத்தைத் துடைத்த கையோடு அம்மா அடுத்து எதைத் தொடுகிறார். அங்கன்வாடி ஆயா சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகளின் கையை எப்படி நனைக்கிறார். நோட்டில் குறிக்காதீர்கள், கணக்கெடுக்க வந்த ஆள் என்று நினைப்பார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம்.

மஞ்சள் பாடம்

மிளகுத் தூளைத் தண்ணீரில் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்தால் மிளகு விலகி ஓடும் விளையாட்டை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகு. எனக்குப் பிடிக்காது. விரலைக் கண்டதும் கிருமி தானாக ஓடிவிடும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். தேய்த்தால்தான் போகும் என்பதல்லவா பாடம்?

அதனால் மஞ்சள். ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் இரண்டு கரண்டி, மஞ்சள் தூள் ஒரு கரண்டி குழைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு இரண்டு கையிலும் நன்றாகப் பூசுங்கள். முதல் பிள்ளை வெறும் தண்ணீரில் கழுவட்டும். இரண்டாவது பிள்ளை சோப்பைத் தொட்டு வழக்கம்போல அவசரமாகக் கழுவட்டும். மூன்றாவது பிள்ளை சோப்புப் போட்டு, வகுப்பு முழுவதும் இரண்டாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லி முடிக்கிற வரை தேய்க்கட்டும். நிதானமாகச் சொன்னால் இருபது விநாடி ஆகிவிடும். கணக்கு டீச்சருக்கும் சந்தோஷம். மூன்று பேரும் ஈரக் கையை வெள்ளைத்தாளில் அழுத்தட்டும். தாள்களைக் கயிற்றில் மாட்டுங்கள். முதல் தாளில் ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்திருக்கும். இரண்டாவதில் கட்டைவிரலும் விரல்நுனியும் மட்டும் தெரியும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் "ஐயோ, ரத்தம்!" என்று பின்வரிசை அலறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஏன் சிவக்கிறதோ அதே காரணம்தான்: சோப்பும் சுண்ணாம்பும் காரத்தன்மை உள்ளவை. ஐந்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் இருந்தால் அங்கே பாடத்தை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள், பிரமாதப்படுத்துவார். நகத்தடியில் மஞ்சள் கொஞ்சம் தங்கியே தீரும். நகவெட்டியை எடுக்கச் சரியான நேரம் அதுதான்.

நம் ஊரில் சுவரொட்டியில் எட்டுப் படி போட்டிருப்பார்கள். கிராமத்துப் பள்ளியில் எட்டையும் ஒப்பிக்க வைத்தால் ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான். நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்: கட்டைவிரல், விரலிடுக்கு, விரல்நுனி. எல்லோரும் விட்டுவிடுகிற இடங்கள் அவைதான். எப்போது கழுவ வேண்டும் என்பதிலும் இரண்டுதான்: கக்கூஸ் போய்வந்த பின், சாப்பிடுவதற்கு முன்.

சோப்பு தங்குவதற்கு

தொண்டூழியர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். பள்ளிக் குழாயடியில் புதுச் சோப்பு வைத்தால் அது மறுநாள் இருக்காது. பிள்ளைகளைத் திட்டாதீர்கள். பாதி நேரம் திருடுவது காக்கா. சோப்பில் உள்ள கொழுப்பு அதற்கு ரொம்பப் பிடிக்கும். கொத்திக்கொண்டு போய்க் கூரைமேல் வைத்துத் தின்னும். மீதி நேரம் தண்ணீரில் கிடந்து கரைந்துபோகிறது.

இரண்டுக்கும் ஒரே மருந்து. மளிகைக்கடையில் வெங்காயம் வருகிற வலைப்பையைக் கேட்டு வாங்குங்கள். சோப்பை நான்காக வெட்டி, ஒரு துண்டை வலையில் போட்டு முடிச்சுப் போட்டு, குழாய்க் கழுத்தில் ஒரு சாண் கயிற்றில் தொங்கவிடுங்கள். வலையோடு சேர்த்துத் தேய்த்தால் நுரை அதிகமாக வரும், சோப்பு காற்றில் காயும், காக்காவால் இழுக்கவும் முடியாது. சோப்பு வாங்கத் தயங்குகிற இடத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியில் இரண்டு மேசைக்கரண்டி சலவைத் தூளைக் கரைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தொங்கவிடலாம். கை கழுவ அது தாராளமாகப் போதும்.

குழாயே இல்லாத இடத்துக்கு மிதிகுழாய். 1980களில் ஜிம்பாப்வேயில் உருவான யோசனை இது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று. வாய்க்குக் கீழே சூடான ஆணியால் ஒரு துளை. இரண்டு கவட்டைக் கம்பு நட்டு, குறுக்குக் கம்பில் கேனைக் கோத்து, கழுத்திலிருந்து ஒரு கயிறு இறக்கி, தரையில் ஒரு குச்சியில் கட்டுங்கள். குச்சியை மிதித்தால் கேன் சாயும், மெல்லிய தாரையாகத் தண்ணீர் விழும். அழுக்குக் கை எதையும் தொட வேண்டியதில்லை, தண்ணீரும் சொற்பம்தான் செலவாகும். கீழே கொஞ்சம் கூழாங்கல் பரப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் சேறாகி அங்கேயே கொசு பிடிக்கும். ஏழாம் எட்டாம் வகுப்புப் பையன்களிடம் சாமானைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவர்கள் கட்டியது உடைந்தால் அவர்களே சரிசெய்வார்கள்.

அடுத்தது நேரம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கிய சத்துணவு இருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து தொடக்கப்பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கையால் சாப்பிடுகிற வேளை தினமும் இரண்டு. வேறெந்தக் கூட்டத்தைவிடவும் இது உங்களுக்குக் கிடைத்த வரம். சமையல்கார அக்காவிடம் போய் உட்காருங்கள். "அக்கா, மணி அடிச்சதும் பிள்ளைகளை வகுப்பு வகுப்பா விட்டா உங்களுக்குச் சிரமமா?" என்று கேளுங்கள். ஒன்றாம் வகுப்பு முதலில், ஐந்தாம் வகுப்பு கடைசியில், கை ஈரமாக இருந்தால்தான் தட்டு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைமையாசிரியர் சொல்வதைவிட அது நன்றாக நடக்கும், தட்டு அவர் கையில் இருக்கிறதே.

மகளிர் குழுவில்: உப்பும் சர்க்கரையும்

பெண்களைக் கூட்டம் என்று தனியாகக் கூப்பிடாதீர்கள், ஏற்கெனவே வேலை தலைக்குமேல் இருக்கிறது. சுய உதவிக் குழு பணம் கட்டக் கூடுகிற நாளில், அல்லது நூறு நாள் வேலையில் சாப்பிட உட்காருகிற நேரத்தில், அவர்கள் தலைவியைக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேளுங்கள்: "பிள்ளைக்கு வயித்தால போனா என்ன செய்வீங்க?" வரிசையாகச் சொல்வார்கள். கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டு, மோர், இளநீர், ஜவ்வரிசி. எல்லாமே உருப்படியானவை, நன்றாகச் செய்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். யாராவது ஒரு அப்பத்தா, "தண்ணி குடுத்தா இன்னும் போகும், வயித்தைக் காயப்போடணும்" என்பார். அவரை மறுத்துப் பேசினால் கூட்டம் அவர் பக்கம் சாயும். "அப்பத்தா, போறது எல்லாம் உடம்புத் தண்ணி. போனதைத் திருப்பி ஊத்தலைன்னா பிள்ளை துவண்டுருமே" என்று அவரிடமே பேசுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது என்பதையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் கரைசல். துணை சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் (இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு, சர்க்கரைத் தூள்) முதல் தேர்வு. பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் கொட்டுகிற பழக்கம் எங்கும் உண்டு. உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு ஆபத்து. கடையில் 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் விற்பதால் அட்டையைப் படிக்கச் சொல்லுங்கள். பழரச டப்பாவில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டு விற்றவை வேறு சரக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை போட்டது. பழைய இருப்பு கடையில் தொங்கலாம்.

பொட்டலம் கிடைக்காத ராத்திரிக்கு வீட்டுக் கரைசல்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை தலைதட்டி ஆறு தேக்கரண்டி, உப்பு தலைதட்டி அரைத் தேக்கரண்டி. தலைதட்டி என்பதை வாயால் சொன்னால் பிடிபடாது. ஒவ்வொருவர் வீட்டுக் கரண்டியையும் கொண்டுவரச் சொல்லி, உங்கள் 5 மில்லி கரண்டியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக் கரண்டி இன்னொரு வீட்டுக் கரண்டியில் இரண்டு மடங்கு இருக்கும், அப்போது எழும் சிரிப்பில் பாடம் பதிந்துவிடும். கலக்கி எல்லோரும் ருசி பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் விட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டும். இதோடு துத்தநாக மாத்திரை 14 நாளைக்கு உண்டு. அதன் அளவை நர்ஸம்மா சொல்லட்டும்.

எப்போது ஆஸ்பத்திரி? கண் உள்ளே போனால், பிள்ளை துவண்டு கிடந்தால், குடிக்க மறுத்தால், மூத்திரம் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் அது மெதுவாகத் திரும்பினால். அந்த இடத்தில் வீட்டு வைத்தியம் முடிந்தது, 108 ஆம்புலன்ஸுக்குப் போன். இதை நீங்கள் சொல்வதைவிட, கூட்டத்தில் ஏற்கெனவே அப்படி ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்க் காப்பாற்றிய அம்மா ஒருவர் இருந்தால் அவரைப் பேசவிடுங்கள்.

குடிதண்ணீருக்கு அதிகம் பேச வேண்டாம். குடத்துக்கு மூடி, மொள்ள நீளப் பிடி வைத்த அகப்பை, அல்லது அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் பானை. தண்ணீர் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், அரை மணி நேரம் விறகை எரிக்கத் தேவையில்லை. தொட்டி ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடர் போடுகிறாரா என்பதை ஊராட்சிச் செயலர் வழியாகத்தான் கேட்க வேண்டும். நேரே போய்க் குறுக்கு விசாரணை செய்தால் அவர் உங்களைப் பார்த்தாலே சந்துக்குள் திரும்பிவிடுவார்.

கழிப்பறைப் பேச்சு

நம்மவர்கள் அதிகம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது இதில்தான். "சிங்கப்பூர்ல இப்படியெல்லாம் கிடையாது" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. சிங்கப்பூரில் வாளிக் கழிவறை ஒழிந்ததே 1987இல்தான். சுத்தமான சிங்கப்பூர் இயக்கம் 1968இல் தொடங்கியது. என் வயதுக்காரர்கள் கம்பத்துக் காலத்தை மறந்திருக்க முடியாது. சொல்வதாக இருந்தால் அதைச் சொல்லுங்கள், கிராமத்துப் பெரியவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள்.

2000ஆம் ஆண்டில் வங்கதேசத்தில் கமல் கர் தொடங்கிவைத்த ஒரு முறை உண்டு. ஊராரைத் திறந்தவெளிக்கு அழைத்துப்போய், அவர்கள் கழித்ததைக் காட்டி, அது ஈ வழியாகச் சோற்றுக்கு வருவதை உணரவைத்து, அருவருப்பிலும் வெட்கத்திலும் மாறவைப்பது. பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து பத்து நாளைக்கு வந்த ஆள் ஒரு ஊரை வெட்கப்படவைப்பது எனக்கு ஒப்பாது. அந்த ஊர்க்காரர் செய்தால் அது வேறு.

கட்டிய கழிப்பறையில் விறகு அடுக்கியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். "குழி சீக்கிரம் ரொம்பிரும், யாரு அள்றது?" என்பதுதான் பெரும்பாலும் பதில். இரட்டைக் குழியாக இருந்தால் அதற்கு விடை இருக்கிறது. ஒன்று நிறைந்ததும் அடைப்பை மாற்றி மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழி ஒன்றரை, இரண்டு ஆண்டு கிடந்தால் நாற்றமில்லாத எருவாகிவிடும். இந்த விவரத்தைக் கட்டிய கொத்தனாரையே கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டச் சொன்னால் ஆண்கள் கூட்டம் தானாகச் சேரும். கழிப்பறைக்குப் பதில் கருவக்காட்டுக்குப் போகிறவர்களுக்குக் குறைந்தபட்சம் செருப்பு. கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகத்தான் ஏறுகிறது, ரத்தத்தைக் குடித்துச் சோகை பிடிக்கவைக்கிறது. பூச்சி மாத்திரை பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுப்பார்கள். விட்டுப்போன பிள்ளைகளை நர்ஸம்மாவுக்குச் சொல்லுங்கள்.

மாதவிலக்கு பற்றிப் பெண்கள் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. பேசுவதும் பெண்ணாக இருக்க வேண்டும். துணி பயன்படுத்துகிறவர்களை நாப்கினுக்கு மாறச் சொல்லி நெருக்க வேண்டாம். சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைத்தால் துணியும் நல்லதே. வெளியில் தெரியக் கூடாது என்று இருட்டு மூலையில் காயப்போடுவதுதான் தொல்லை. மேலே ஒரு மெல்லிய துண்டை விரித்துவிட்டு வெயிலில் போடலாம் என்று அவர்களே வழி சொல்வார்கள்.

டெங்கிக்கு நம்மை யாரும் பயிற்றுவிக்க வேண்டாம், பூத்தொட்டித் தட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பழகியவர்கள் நாம். அங்கே பார்க்க வேண்டியவை ஆட்டுக்கல் குழி, கொட்டாங்கச்சி, பழைய டயர், மூடாத டிரம். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கிடந்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

கேட்காததையும் கேட்பார்கள், தயாராகப் போங்கள். "பாப்பா, பிரஷர் மாத்திரை தீந்துபோச்சு" என்று ஒரு தாத்தா வருவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன; அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொடுங்கள். பாம்புக்கடி பற்றிக் கேட்டால்: கட்டுப்போடாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108இல் ஏற்று. இதைத் தாண்டி வைத்தியம் சொல்லாதீர்கள்.

விட்டுவிட்டு வருவது

கடைசி இரண்டு நாளை ஒப்படைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பாடத்தை ஒரு ஆசிரியரும், கரைசல் பாடத்தைக் குழுத் தலைவியும் நடத்த, நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். சோப்பு யார் வாங்குவது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடித்துவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும். எங்களுக்குக் கைகொடுத்தது பிறந்தநாள். மிட்டாய் கொண்டுவரும் பிள்ளை கூடவே ஒரு சோப்பும் கொண்டுவந்து வகுப்பில் கொடுக்க வேண்டும். பெற்றோருக்குப் பாரம் தெரியவில்லை, ஆண்டு முழுவதும் யாருக்காவது பிறந்தநாள் வந்துகொண்டே இருக்கிறது. கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்பதை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளின் முகம் தெரிகிற படங்களை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். மஞ்சள் கைரேகைத் தாள்களைப் படமெடுத்துப் போடுங்கள், அதுவே அழகாக இருக்கும்.

சிங்கப்பூர் திரும்பிய பின் வாட்ஸ்அப்பில் "எல்லாரும் கை கழுவுறாங்களா?" என்று கேட்டால் "ஆமாக்கா" என்றுதான் பதில் வரும். "இந்த மாசம் சோப்பு எத்தனை செலவாச்சு?" என்று கேளுங்கள். செலவு குறைந்திருந்தால் வலைப்பை அறுந்திருக்கும், அல்லது குழாய் கெட்டிருக்கும், அல்லது சமையல்கார அக்கா விடுப்பில் இருப்பார். நவம்பரில் மழை பிடித்ததும் அங்கன்வாடி டீச்சரிடம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருப்பு என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தீர்ந்திருந்தால் நர்ஸம்மாவுக்கு ஒரு போன்.